வெயில் எந்தப் பக்கம்

வாங்க தம்பி, இங்க உக்காருங்க. அந்தப் பக்கம் எதுக்குங்க போறீங்க? ரெண்டு பேரு உக்கார்ற சீட்டுல மூணு பேரு அடைஞ்சு கெடக்கறாங்க பாருங்க. இந்தப் பக்கம் காத்தாட காலியாக் கெடக்குது. ஏன்னு கேட்டா வெயிலடிக்குமாமா. ஆருங்க சொன்னது? ஒருத்தன் போய் அக்கட்ட உக்காந்தான், அவனைப் பாத்து அடுத்தவன் உக்காந்தான், அவ்வளவுதான். நீங்க உக்காருங்க. சன்னலோரம் மட்டும் எனக்கு வேணுமுங்க. ஒரு சோலியா இருக்கறன். சொல்றன், பையை மேல வெச்சுட்டு உக்காருங்க.

எதுவரைக்கும் போறீங்க? காங்கயமா? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முன்னாடியே கன்னிமார் கோயில் பிரிவுல எறங்கிக்குவன். அதுவரைக்கும் நீங்க எனக்கொரு சாட்சி. அட, பயப்படாதீங்க தம்பி, கோர்ட்டு கேசெல்லாம் ஒண்ணுமில்லீங்க. என்ற சட்டைக்குச் சாட்சி. பாருங்க, வெள்ளைச் சட்டை. இன்னைக்குத்தான் மடிப்புப் பிரிச்சது. தாராபுரத்துல பஸ்சு எடுக்கறப்ப ரெண்டு பக்கமும் காய்ஞ்சுதான் இருந்துச்சுன்னு பாத்துக்குங்க. தொட்டு வேணாலும் பாருங்க. சும்மா தொடுங்க. ஆங், அவ்வளவுதான்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. காங்கயத்துல தேங்காப் பருப்புக் களத்துல சூப்பர்வைசரு. எண்ணெய் ஆட்டறதுக்குக் கொப்பரை காயப் போடுவாங்களே, அந்தக் களம். ஒடைச்ச தேங்காயப் பரத்திப் போடோணும், பொழுது ஏற ஏறத் திருப்பிப் போடோணும், மேகம் கட்டுனா ஓடி ஓடித் தார்ப்பாய் இழுத்து மூடோணும். பதினெட்டு வருசமா இதே சோலிதானுங்க. வெயிலு எப்ப எங்க உளுகும், எத்தனை நேரம் நிக்கும், எப்ப நகரும், எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. அப்படியாப்பட்ட ஆளுகிட்ட வந்து ஒருத்தன் வெயிலு எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாடம் எடுக்கலாமுங்களா? நீங்களே சொல்லுங்க.

எடுத்தது ஆருன்னா, என்ற தங்கச்சி புருசன். லோகநாதன்னு பேரு. திருப்பூர்ல பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரு. காலைல உள்ள போனா பொழுது உளுந்துதான் வெளிய வருவான். வெயில மொகத்துக்கு மொகம் பாக்காதவன். வருவான்னு சொல்லிட்டன் பாருங்க, வருவாரு. மாப்ளைங்க, மரியாதை குடுக்கோணும். நெனச்சா வாய் தவறுது. மத்தபடி நான் கோவக்காரன் இல்லீங்க. சண்டைக்குப் போற ஆளே இல்ல.

பஸ்சு எடுத்துட்டான். மணி பாத்துக்குங்க, ஏழு நாப்பது. இந்த 'மங்களவேல்' பஸ்சுக்காரன் எப்பவும் டாண்ணு எடுத்துருவான்.

நடந்தது என்னன்னா, பேஸ்புக்குல 'நம்ம ரூட்டு நம்ம பஸ்சு'ன்னு ஒரு குரூப்பு இருக்குதுங்க. இருவத்திமூணாயிரம் பேரு. எல்லாம் பஸ்சுப் பைத்தியம். எந்த பஸ்சுக்குப் புது பெயிண்டு அடிச்சாங்க, எந்த பஸ்சுல ஆரனை மாத்திட்டாங்க, எந்த டிரைவரு எந்த ரூட்டுக்குப் போயிட்டாரு, அத்தனையும் அதுல வரும். நானும் மெம்பருங்க. போன மார்கழி மாசம், பொங்கலுக்கு ஒரு வாரத்துக்கு முன்னாடி, இந்த பஸ்ச நல்லா ஒரு போட்டோ எடுத்துப் போட்டன். போட்டுக் கீழ எழுதுனன். 'தாராபுரத்துல ஏழு நாப்பதுக்கு ஏர்றவங்க வலது பக்கம் உக்காருங்க. வெயில் இடது பக்கம் அடிக்கும். பதினெட்டு வருட அனுபவம்.' ஜனங்களுக்கு நல்லதுதானே தம்பி? நாலு பேரு நெழல்ல உக்காந்து வரட்டும்னு போட்டது.

பத்து நிமிசங்கூட ஆகல. மொத கமெண்ட்டு. 'மச்சான், வெயிலு வலது பக்கந்தானுங்களே.' எழுதிட்டு, கடைசில கண்ணுல தண்ணி வரச் சிரிக்கற பொம்மை. ஒண்ணில்லைங்க, நாலு! ஒண்ணு போட்டிருந்தா வெளையாட்டுன்னு உட்டிருப்பன். ரெண்டு போட்டாக் கூடப் போச்சாதுன்னுருப்பன். நாலு பொம்மை போட்டா அதுக்கு என்னங்க அர்த்தம்? இருவத்திமூணாயிரம் பேரு இருக்கற எடத்துல, பொண்டாட்டியோட அண்ணனுக்கு நாலு பொம்மை!

நானும் மரியாதையாத்தான் எழுதுனன். 'மாப்ள, தெரிஞ்சவங்க பேசறப்பத் தெரியாதவங்க கேட்டுக்கோணும்.' அவ்வளவுதான். அதுக்கு அவரு ஒரு படம் போட்டாரு, செல்லுல மேப்பைத் தொறந்து. தாராபுரம் தெக்க இருக்குது, காங்கயம் வடக்க இருக்குது, வடக்கால போறப்ப கெழக்கு வலது கைப் பக்கம் வருமாமா. எனக்குத் தெக்கு வடக்குச் சொல்லித் தர்றாரு. நான் உட்டனா? பேப்பரு எடுத்து, ஸ்கேலு வெச்சு, பஸ்சு வரைஞ்சு, சூரியன் வரைஞ்சு, பஸ்சுக்குள்ள தேங்காப் பருப்புத் தட்டு ஒண்ணையும் வரைஞ்சு, எந்தத் தட்டு மொதல்ல காயும்னு விளக்கி, நாப்பது வரி எழுதுனன். நீங்க அதைப் படிச்சா அசந்துருவீங்க.

என்ன தம்பி, திரையை இழுக்கறீங்க? உடுங்க உடுங்க. நாந்தான் அதைச் சுருட்டிக் கொக்கில மாட்டி வெச்சிருக்கறன். திரை போட்டுட்டா அப்பறம் பரிச்சை எப்படீங்க நடக்கும்? கண்ணு கூசுதா? அது வெயிலு இல்லீங்க, வெளிச்சம். காலங்காத்தால அப்படித்தான் இருக்கும். வெயிலுங்கறது வேற, வெளிச்சங்கறது வேற. களத்துல நிக்கறவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

எதுல உட்டன்? ஆங், நாப்பது வரி. அதுக்கப்பறம் குரூப்பே ரெண்டாப் போச்சுங்க. இடப்பக்க அணி, வலப்பக்க அணி. துபாய்ல இருந்து ஒருத்தரு வந்து எம்பக்கம் நின்னாரு. அவரு இந்த பஸ்ல ஏறுனதே இல்லீங்களாமா, ஆனாலும் நின்னாரு பாருங்க, அது மனுசன். அட்மினு ஓட்டெடுப்பு வெச்சான். வலது பக்கம் வெயிலுன்னு நூத்துக்குத் தொண்ணூத்தியேழு பேரு. நான் கேட்டன், வெயிலு என்ன வார்டு மெம்பராடா, ஓட்டுப் போட்டு முடிவு பண்றதுக்கு? பஸ்சு மொதலாளியே வந்து, 'எங்கள் பேருந்தில் இரு பக்கமும் திரைச்சீலை உண்டு'ன்னு எழுதிட்டுப் போனாரு. ரெண்டு அணியும் சேந்து அவரைப் புடிபுடின்னு புடிச்சுட்டோம். இப்படி நடுவுல நின்னு நல்ல பேரு வாங்கறவங்களக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது.

அந்த குரூப்புல தனியா ஒரு பாசை இருக்குதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நீங்க சின்ன வயசு. என்னையப் பாத்து 'அண்ணன் கம்பு சுத்தறாரு'ங்கறான் ஒருத்தன். ஒண்ணுமத்த விசயத்துக்கு மல்லுக்கு நிக்கறவனை அப்படித்தான் சொல்லுவாங்களாமா. 'பொங்காதீங்கண்ணே'ங்கறான் இன்னொருத்தன். 'சூரியனுக்கே முட்டுக் குடுக்கறாரு பாரு'ங்கறான். எம்மொகத்தை வெட்டியெடுத்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டி உட்டு, கீழ 'வெயில் போராளி'ன்னு போட்டுச் சுத்த உட்டுட்டானுக. களத்துல வேலை செய்யற பொம்பளைங்க வரைக்கும் அது வந்திருச்சு. ஒருத்தன் கேட்டான், 'அண்ணே, புது வீடு கட்டறோம், மாடிப்படி எந்தப் பக்கம் வெச்சா நெழலா இருக்கும்?' அட, இவனொருத்தனாவது நல்ல புள்ளையா இருக்கறானேன்னு, மனை எந்தப் பக்கம் பாத்து இருக்குது, மரம் இருக்குதான்னு கேட்டு விவரமா எழுதிப் போட்டன். அதுக்கும் முந்நூறு பேரு சிரிக்கறானுக. இதுல சிரிக்கறதுக்கு என்னங்க இருக்குது?

ஒண்ணுமத்த விசயமா தம்பி இது? ஒரு மனுசன் பதினெட்டு வருசம் கண்ணால பாத்ததை இல்லைன்னா, அவன் வாழ்ந்ததே இல்லைங்கற மாதிரிங்க.

பாத்தன்னு எப்படிச் சொல்றன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க. இந்த பஸ்சு டிரைவரு காளியண்ணன் நம்ம சிநேகிதருங்க. நான் இத்தனை வருசத்துல ஒரு நாள்கூட இந்த மாதிரி சீட்டுல உக்காந்ததில்ல. முன்னாடி இஞ்சின் பொட்டிக்குப் பக்கத்துல ஒரு சீட்டு இருக்குது பாருங்க, கண்ணாடிக்கு முதுகைக் காட்டிட்டு, நம்மளப் பாத்தாப்ல. அது என்ற சீட்டு. ஆரு வந்தாலும் காளியண்ணன் உட மாட்டாரு. அதுல உக்காந்துட்டு மொத்த பஸ்சையும் பாத்துட்டே போவன். ராசா கொலு வீத்திருக்கற மாதிரி இருக்கும். வெயிலு என்ற இடது பக்கந்தான் அடிக்கும். ஒரு நாள் ரெண்டு நாளில்ல, பதினெட்டு வருசம் இடது கன்னந்தான் சுட்டிருக்குது. இதுக்கு மேல என்னங்க அத்தாச்சி வேணும்?

எம்பொண்டாட்டி வளர்மதியும் இதைத்தான் புடிச்சுக்கிட்டா. தோசை சுட்டுட்டு இருந்தவ திருப்பியோட வந்து நிக்கறா. 'ஏனுங்க, நீங்க பின்னாடி பாத்தில்ல உக்காந்து போறீங்க? உங்க இடது மத்தவங்களுக்கு வலதுங்க. லோகு தம்பி சொல்றது சரியாத்தான் இருக்குது'ங்கறா. நான் சொன்னன், 'நான் எப்படி உக்காந்தா பொழுதுக்கு என்ன புள்ள? கெழக்குக் கெழக்குதான். தோசை கருகுது பாரு, போ.' போயிட்டா. தோசை நெசமாவே கருகித்தான் போச்சு. அப்ப ஆரு சொன்னது சரி?

இருங்க, தொண்டை வறளுது. உங்ககிட்ட தண்ணி இருக்குதுங்களா? ஆங்… நல்லா இருக்குது. பஸ்சுக்குள்ள புழுக்கமா இருக்குதுங்க. வெயிலு இல்ல, புழுக்கம். வைகாசி மாசமில்ல. அந்தப் பக்கமும் அப்படித்தான் இருக்கும். தூங்கறாங்களா? மயங்கியிருப்பாங்க.

இத்தோட முடிஞ்சிருந்தாப் பரவால்லீங்க. பொங்க நோம்பிக்குத் தங்கச்சி குடும்பத்தோட வந்தா. நான் எதையும் மனசுல வெச்சுக்கறவன் இல்ல, பந்தில நானே எடுத்துப் பரிமாறிட்டு இருந்தன். மாப்ளைக்கு ரசம் ஊத்தப் போறன். அவரு நிமுந்து பாத்து, 'மச்சான், வலது பக்கமா ஊத்துங்க, அங்கதான் நெழலா இருக்கும்'ங்கறாரு. பந்தியே சிரிக்குது. எம்பட மாமியா சிரிக்கறாங்க. எந்தங்கச்சி சிரிக்கறா. குசும்பைப் பாத்தீங்களா? கரண்டியச் சட்டில போட்டுட்டுத் தோட்டத்துக்குப் போனவன், அவங்க பஸ்சேறுனதுக்கப்பறந்தான் ஊட்டுக்குள்ள வந்தன். வந்த ஒடனே அவரை பிளாக்குப் பண்ணுனன். தங்கச்சி போன் பண்ணுனா எடுக்கல. சித்தரை நோம்பிக்குச் சீரை வளர்மதிகிட்டக் குடுத்துத் தாட்டி உட்டன், நான் போகல. அஞ்சு மாசமாச்சுங்க.

மாப்ளையப் பாக்காதது எனக்கொண்ணும் பெருசில்ல. அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்குது, மகிழினின்னு. மூணு வயசு. என்னைக் கண்டாப் போதும், 'மாமா, பஸ்சு'ன்னு முதுகுல ஏறிக்கும். நான் ஆரனடிச்சுட்டே ஊடு பூராச் சுத்தோணும். ஸ்டாப்பு வந்தா எறங்கும், மறுபடி ஏறிக்கும். வேற ஆரு முதுகுலயும் ஏறாதுங்க, அவங்கப்பன் முதுகுல கூட. இப்ப ஆளே மாறிருக்குமில்ல? அஞ்சு மாசத்துல புள்ளைங்க எத்தனை வளந்துரும். பொய் சொல்லி என்ன, ஏங்கித்தான் போயிட்டன்.

அந்தப் புள்ளைக்குத்தான் இன்னைக்குக் காது குத்தறாங்க. கன்னிமார் கோயல்ல, பத்தரைக்குள்ள. எங்க பக்கத்துல தாய்மாமன் மடில வெச்சுத்தான் குத்தோணும். தங்கச்சிக்குக் கூடப் பொறந்தவன் நான் ஒருத்தந்தான். போன வாரம் தங்கச்சி வளர்மதி போனுக்குக் கூப்புட்டு எங்கிட்டப் பேசுனா. 'அண்ணா, நீ வந்து மடி குடுத்தீன்னா சந்தோசம். வர்லீன்னா எங்க மாமனாரோட பங்காளி ஒருத்தரு மடி குடுக்கறன்னு சொல்லீருக்கறாரு. வெயிலு பெருசா, மகிழினி பெருசான்னு நீயே பாத்துக்க.' அப்படியே சொல்லி வெச்சுட்டா. பங்காளி மடில! நான் உசுரோட இருக்கறப்ப!

வர்றன், ஆனா மாப்ள குரூப்புல மன்னிப்புப் போடோணும்னன். அதுக்கு மாப்ள சொல்லி உட்டாரு, 'மச்சான் காதுகுத்தன்னைக்கு அதே பஸ்ல, எல்லாரும் உக்கார்ற சீட்டுல, வலது பக்கம் சன்னலோரம் உக்காந்து வரட்டும். எறங்கறப்பச் சட்டை வேர்த்து நனையாம இருந்தாக் கோயல்ல அத்தனை ஒறம்பரை சனத்துக்கு முன்னாடி மன்னிப்புக் கேட்டுக்கறன். நனைஞ்சிருந்தா அவரு கேக்கட்டும்.' நானும் சரின்னுட்டன். அதுக்காக நேத்து பிளாக்கையும் எடுத்து உட்டன். வளர்மதி சீர்த்தட்டெல்லாம் எடுத்துட்டு நேத்தே போயிட்டா. காளியண்ணன் கூட, 'ஏனுங்க, நம்ம சீட்டு வேண்டாமா'ன்னு மொகஞ் சுண்டிப் போயிட்டாரு.

ஆனா ஒண்ணு தம்பி. இதை அவங்க ஆருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றன். சட்டை மட்டும் நனைஞ்சிருந்துச்சுன்னு வைங்க, நான் கோயில் பிரிவுல எறங்க மாட்டன். நேரா உங்ககூடக் காங்கயம் வந்து களத்துக்குப் போயிருவன். அத்தனை சனத்துக்கு முன்னாடி அந்த ஆளுகிட்ட நான் தலை குனிஞ்சு நிக்க மாட்டன். புள்ளைக்குப் பங்காளி மடியே இருக்கட்டும். சொல்லிட்டன் பாருங்க. ஆனா சொன்னது சொன்னதுதான்.

அதனால சித்தெ பாத்துச் சொல்லுங்க. சட்டை எப்படி இருக்குது?

அப்படிப் பாக்காதீங்க தம்பி. சும்மா சொல்லுங்க. இடது பக்கம் காய்ஞ்சிருக்குது, சரி. வலது பக்கம்? தோள்பட்டைல மட்டுங்களா? முதுகுலயுமா? கையும் ஒட்டிக்கிச்சா? அது நீங்க தண்ணி குடுத்தப்பச் சிந்துனதுங்க. காதா? காது செவந்திருக்கறது எங்க பரம்பரை. எங்கப்பனுக்கும் செவந்துதான் இருக்கும். ஒரு காது மட்டுமான்னு கேட்டா, அதெல்லாம் நான் கவனிச்சதில்ல.

ஊதியூரு வந்திருச்சு. மலையைப் பாருங்க, அழகா இருக்குதில்ல? இனி ஒரு வளைவு வரும். அதுல திரும்புனா எல்லாம் மாறிரும், பாத்துட்டே இருங்க.

மாறல.

தம்பி, முன்னாடி என்ற சீட்டுல உக்காந்திருக்குதே, பச்சைச் சேலை கட்டுன அம்மா, அதைச் சித்தெ பாருங்க. நம்மளப் பாத்துத்தானே உக்காந்திருக்குது. சீலைத் தலைப்பை இழுத்து எந்தக் கன்னத்தை மறைக்குது? இடது கன்னமுங்களா? அதோட இடது… இருங்க. அதோட இடது கையி எந்தப் பக்கம் இருக்குது? நம்ம பக்கம். டிரைவரு பக்கம். ம்.

அதுக்கு இடது கன்னத்துல அடிக்குது. எனக்கு வலது காதுல அடிக்குது. ரெண்டும் ஒரே வெயிலுங்களா?

இருங்க, நானும் பின்னாடி திரும்பிப் பாக்கறன். இப்ப இடது கன்னத்துலதான் அடிக்குதுங்க தம்பி.

பதினெட்டு வருசமுங்க. ஏறுன எத்தனை பேருகிட்ட, 'வலது பக்கம் உக்காருங்க, நெழலா இருக்கும்'னு சொல்லியிருப்பன். அந்தச் சீட்டுல இருந்து பாத்தா, இந்தப் பக்கம் இருக்கறவங்க எல்லாம் மொகத்தைச் சுளிச்சுட்டேதான் வருவாங்க. நான் என்னமோ அவங்களுக்கு ஊட்டுல பிரச்சனைன்னு நெனச்சுக்குவன்.

கண்டக்டர், ஏனுங், கண்டக்டர்! நான் காங்கயத்துலயே எறங்கிக்கறன். ஆமா, மாத்திக்கறன். கோயிலா? இல்லீங்க, கோயிலுக்குப் போகல. களத்துல வேலை இருக்குது.

நீங்க என்ன தம்பி, என்னையே பாக்கறீங்க? சொன்னனில்ல, நனைஞ்சா எறங்க மாட்டன்னு. ஒரு வாக்குன்னு இருக்குதில்ல. அதுவுமில்லாம அந்த ஆளு சட்டையப் பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிப்பாரு பாருங்க, அந்த நாலு பொம்மைச் சிரிப்பு. அதை என்னால பாக்க முடியாது.

போனு அடிக்குது. வளர்மதி. என்ன புள்ள? வந்துட்டு… பஸ்சு வந்துட்டுதான் இருக்குது. என்னது? குரூப்பையா? இப்ப எதுக்குக் குரூப்பு? சரி சரி, பாக்கறன், வை.

குரூப்பைத் தொறந்து பாருங்கங்கறா. தம்பி, இதைப் படிங்க, இந்த வெளிச்சத்துல எனக்குத் தெரிய மாட்டேங்குது. வெயில்லதான், வெயில்லதான், ஒத்துக்கறன், படிங்க. ஆரு போட்டிருக்கறது? லோகநாதனா? 'மச்சான் சொன்னதே சரி. நேற்று காலை நானே அந்த பஸ்சில் ஏறிப் பார்த்தேன். வெயில் இடது பக்கம்தான் அடிக்கிறது. ஐந்து மாதமாக மச்சானிடம் வம்பு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மகிழினி காலையில் இருந்து மாமா பஸ் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். எப்படி வந்தாலும் வந்துவிடுங்கள் மச்சான்.'

பொம்மை ஏதாச்சும் போட்டிருக்காரா? ஒண்ணுமில்லையா? ஒண்ணு கூடவா?

செயிச்சுட்டம் தம்பி! பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாரு! இருவத்திமூணாயிரம் பேருக்கு முன்னாடி…

நேத்துக் காலைல எப்படீங்க ஏறியிருப்பாரு? நேத்துக் காலைல கோயல்ல பந்தல் போட்டுட்டு இருந்தாருன்னு வளர்மதி சொன்னாளே. தாராபுரத்துக்கு எங்க வந்தாரு?

வர்லீங்க. ஏறவே இல்ல. பொய் சொல்லியிருக்காரு. நான் எறங்கோணும்னு, எம்மடில புள்ளைய வெக்கோணும்னு, தெரிஞ்சே தப்பா எழுதிட்டாருங்க அந்த மனுசன்.

கீழ என்ன, அதுக்குள்ள எழுவது கமெண்ட்டு? படிங்க. 'மச்சானுக்குப் பயந்து சூரியனையே மாத்திப் போட்டுட்டான்.' ஆருடா இவன்? 'பொண்டாட்டி ஊட்டுக்கு முட்டுக் குடுக்கற சங்கத் தலைவர்.' 'ஓட்டெடுப்புல செயிச்சுட்டுத் தோத்தேன்னு சொல்ற மொத ஆளு.' இத்தனை பொம்மையா? எம்மாப்ளைக்கா? இவனுகளுக்கு என்ன தெரியும் எம்மாப்ளையப் பத்தி? கட்டிங் மேசைல எட்டு மணி நேரம் நின்னு, ஒரு துணி கோணாம வெட்டறவரு. திசை தெரியாதா அவருக்கு? மேப்புப் போட்டு வெவரமாச் சொன்னவருங்க. நான் எழுதுன நாப்பது வரியையும் பொறுமையாப் படிச்சவரு அவரு ஒருத்தருதான். அவரைப் பேச இவனுக ஆரு? குடுங்க போனை. குடுங்க இங்க.

இதா எழுதறன். 'அடேய், மாப்ள சொன்னது மொதல்ல இருந்தே சரி. வெயில் வலது பக்கம். நான் பின்னாடி பாத்து உக்காந்துட்டுப் போன மடையன். இனி எவனாச்சும் எம்மாப்ளையப் பத்திப் பேசுனீங்க, கம்பு என்ன, ஈட்டியே எடுத்துச் சுத்துவன்.' சரியா இருக்குதுங்களா? மடையனுக்கு ரெண்டு சுழி னகரமா, மூணு சுழியா? மடையன்னு எழுதத் தெரியாம ஒருத்தன் மடையன்னு ஒத்துக்கிட்டா அதுக்கும் சிரிப்பானுக. அத்தாச்சியும் வேணுமில்ல? வெறுமனே சொன்னா நம்ப மாட்டானுக. தம்பி, இந்தாங்க, ஒரு போட்டோ எடுங்க. எந்திரிச்சு நின்னே எடுங்க. மொகம் போனாலும் போகட்டும், சட்டை தெரியோணும். வலது பக்கம் நனைஞ்சது, இடது பக்கம் காய்ஞ்சது, நடுவுல கோடு போட்டாப்ல இருக்குது பாருங்க, அது அப்படியே தெரியோணும். காதையும் சேத்து எடுங்க. எடுத்தாச்சா? ஏத்தீட்டன். போகட்டும்.

பாத்தீங்களா, ஒடனே வந்துட்டானுக. 'அண்ணன் அணி மாறிட்டாரு'ங்கறான். துபாய்க்காரரு, 'நம்பிக்கைத் துரோகம்'னு எழுதியிருக்காரு. அவருகூட இனி நமக்குப் பேச்சு வார்த்தை இல்லீங்க. இதா, மாப்ளையும் எழுதிட்டாரு. 'இல்லை மச்சான், நான்தான் தவறு. வெயில் இடது பக்கம்.' மறுபடியும் ஆரம்பிச்சுட்டாரு பாத்தீங்களா? எத்தனை அழுத்தம் பாருங்க அந்த ஆளுக்கு! வலது பக்கமுங்கறன், இடது பக்கமுங்கறாரு!

கண்டக்டர்! ஏனுங், கண்டக்டர்! விசிலு, விசிலு! நான் இங்கதான் எறங்கோணும். காங்கயமா? ஆருங்க காங்கயம்னது? கோயலுங்க, காதுகுத்துங்க, தாய்மாமனுங்க நானு!

தம்பி, மேல இருக்கற என்ற பையச் சித்தெ எடுத்துக் குடுங்க. புள்ளைக்கு வாங்குன கொலுசு இருக்குது, பாத்து. அதா, புளியமரத்தடில நிக்கறாரு பாருங்க, நீலச் சட்டை, தோள்ல புள்ள. ஆரனடிக்கற மாதிரி கையை ஆட்டுது பாருங்க, மறக்கல! அவரும் வாயைத் தொறக்கறாரு, இப்பவே ஆரம்பிச்சுட்டாரு, நாந்தான் தோத்தன்னு சொல்றதுக்கு வர்றாரு. சொல்லட்டும், உட மாட்டன். புள்ளைய மடில வெச்சுட்டே கேப்பன். அஞ்சு மாசம் பாடுபட்டுத் தோத்தவன் நானுங்க தம்பி. அதைப் போயி அவரு தூக்கிட்டுப் போறதுக்கு நான் உட்டுருவனா?